கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி

"மலையாளியா? கேரளாவுல எந்தப் பக்கம்?"

கேட்டவர் அரசு ஊழியர். பதில் சொல்ல வேண்டியவர் ஏற்காட்டு மலையில் பிறந்து, காப்பித் தோட்டத்தில் களை வெட்டி, மிளகு பறித்துத் தலை நரைத்தவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அவர் கீழே இறங்கியதெல்லாம் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கும், இப்போது மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மூன்றாவது தடவையாக இந்த ஆபீசுக்கும்தான். கையில் துணிக்கடை மஞ்சள் பை. பைக்குள் மகனின் டி.சி., ரேஷன் கார்டு நகல், மடித்த இடமெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய ஒரு பட்டா, அண்ணன் மகனுக்கு எந்தக் காலத்திலோ கிடைத்த சாதிச் சான்றிதழின் நகலின் நகல். கூடப் போனவன் நான். படித்த ஆள் ஒருத்தன் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அது கால் மணி நேரம் தாங்கியது.

"கேரளா இல்லீங்க சார். மலையை ஆளுற சனம்ங்க, அதான் மலையாளி."

"ஓஹோ, மலையை ஆளுறீங்களா!" என்று பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து மேஜையும் சிரித்தது. பிறகு பட்டாவைப் பிரித்தார். "தாத்தா பேருக்குப் பின்னால கவுண்டர்னு இருக்கே, பெரியவரே? கவுண்டர்னா பி.சி. ஆச்சே?"

ஐந்து நிமிடத்துக்குள் ஒரே மனிதரை மலையாள தேசத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் அனுப்பிவைத்துவிட்டார்கள். அவர் பிறந்த சேர்வராயன் மலைக்கு மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. அந்த மலை சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது, நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்று ஒரு நிர்வாகம் நடந்தது, கவுண்டர் என்பது அங்கே பட்டப்பெயர் என்றெல்லாம் சொல்லப் போனேன். "சார், நீங்க யாரு?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்த நேரத்தில் பதில் தெரியவில்லை.

வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து டீ குடித்தபோது எனக்குப் பொறாமை வந்தது. ஆபீசர் மேல் இல்லை, கல்லின் மேல்.

சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. உள்ளங்கை நீளம், ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழப்பு, ஒரு முனை குறுகலாக, மறு முனை கட்டைவிரல் நகத்தைப் போல வளைந்து கூராக. தேய்த்துத் தேய்த்தே அந்தக் கூரை வரவழைத்திருக்கிறான் ஒருவன், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால். உழும்போதும் மழை அரித்த இடத்திலும் அகப்படுகிற இந்தக் கற்களை மலையாளிகள் எடுத்துக் கழுவி, மரத்தடியில் சேர்த்துவைத்து, பிள்ளையார் என்று கும்பிட்டார்கள். ஒரு ஊரில் நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய் ஏறிக் கறுத்துப் போன கல், மேலே மூன்று விரலால் இழுத்த விபூதி, பக்கத்தில் வாடிய செம்பருத்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிகளும் துரைகளும் இந்தக் கோடரிகளைத் தேடித் தேடி எடுத்தார்கள். அவர்களில் பெரியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டு மண்ணில் மனிதன் எவ்வளவு காலமாக நடமாடுகிறான் என்று உலகுக்குக் காட்டியவர். அவரைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஓய்வுபெற்ற பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தவரின் அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் சேர்த்ததையெல்லாம் 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

அந்தக் கல்லின் ஜாதகத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு எண், ஒரு கண்ணாடிப் பெட்டி. ஊர் பெயர் எழுதிய சீட்டு. காவலுக்குச் சம்பளம் வாங்குகிற ஆள். எந்த அதிகாரியும் அதன் முன் நின்று, "சேர்வராயன் மலைக் கல்லா? கேரளாவுல எந்தப் பக்கம்?" என்று கேட்டதில்லை. அதன் தாத்தா பெயரில் பட்டா கேட்டதில்லை. அந்தக் கல்லைக் கும்பிட்டவனின் பேரன் மட்டும் கோட்டாட்சியர் படியில் உட்கார்ந்து தன்னை நிரூபித்துக்கொண்டிருக்கிறான்.

கோடரியைத் தேய்த்தவன் மலையாளிகளின் முப்பாட்டன் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களே அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் கதை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கரிராமன் சாமியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, மற்ற இருவர் வேறு மலைகளுக்கு. குடிபெயர்ந்து வந்தோம் என்று தன் வாயாலேயே சொல்லும் நேர்மையான கதை. நம் ஊரில் நேர்மைக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் தொகுதிகளிலேயே இவர்கள் ஆதிக் காட்டுவாசிகள் அல்ல, சமவெளியிலிருந்து மலையேறிய தமிழர்கள் என்ற கருத்து ஏறிவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கதை அவர்களுக்குப் பெருமையாகவும் எதிராளிக்குச் சாட்சியாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. "நீங்களே காஞ்சிபுரம்னு சொல்றீங்க, அப்புறம் என்ன பழங்குடி?" இதைக் கேட்டவரின் சொந்த ஊர் எது, அவர் பாட்டனார் எந்தப் பஞ்சத்தில் எங்கிருந்து கிளம்பினார் என்று விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆளை ஒதுக்கிவிட்டு அடையாளத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொள்கிற இந்த விளையாட்டில் நமக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாக்காரர்கள். அங்கே தென்மேற்குக் கரையில் கலூசா என்றொரு இனம் வாழ்ந்தது. உழவே இல்லாமல் கடலை நம்பி அரசு நடத்திய மக்கள். தின்று போட்ட கிளிஞ்சல்களைக் குவித்துக் குவித்தே மேடு எழுப்பி, மேட்டின் மேல் ஊர் கட்டினார்கள். எஸ்டெரோ வளைகுடாவில் அவர்களுடைய தலைநகரின் மேடு இன்னும் இருக்கிறது. ஃபுளோரிடாவில் அப்படிப்பட்ட பல கிளிஞ்சல் மேடுகளை வெட்டிச் சாலைக்குக் கொட்டினார்கள், நாம் கிராவல் அடிப்பதைப் போல. பழைய ஊர்களின் மேல் கார் போகிறது. வடக்கே திமுக்குவா என்றொரு மக்கள். அவர்கள் மொழியில் 1612இலேயே மெக்சிகோவில் புத்தகம் அச்சானது, பரேஹா என்ற பாதிரி செய்த வேலை. அச்சேறிய மொழி அழியாது என்று நம்பும் தமிழ் அன்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். நோயும் அடிமை வேட்டையும் புகுந்ததில், திமுக்குவாவில் கடைசி ஆள் என்று அறியப்பட்டவர் 1767இல் கியூபாவில் இறந்தார். புத்தகம் இருக்கிறது. படிக்க ஆளில்லை.

அந்தக் காலியான மண்ணுக்கு வடக்கேயிருந்து இறங்கி வந்தவர்கள் செமினோல்கள். பெரும்பாலும் கிரீக் மக்கள், அவர்களோடு ஓடிவந்த கறுப்பின அடிமைகளும் சேர்ந்துகொண்டார்கள். இவர்களுக்கும் ஒரு காஞ்சிபுரக் கதை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களை விரட்ட 1817 முதல் 1858 வரை மூன்று போர்கள். ஊர்களைக் கொளுத்தினார்கள், விளைச்சலைக் கொளுத்தினார்கள். 1837இல் ஒஸ்கியோலா என்ற தலைவனைச் சமாதானக் கொடியைக் காட்டி வரவழைத்துப் பிடித்தார்கள். அடுத்த வருடம் சிறையில் இறந்தான். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே தலையைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார். இன்றைக்கு அவன் பெயர்? ஃபுளோரிடா அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் ஒருவன் ஒஸ்கியோலா வேஷத்தில் குதிரையேறி வந்து, எரியும் ஈட்டியைத் தரையில் குத்துவான். கூட்டம் கத்தும். அணியின் பெயர் செமினோல்ஸ். செமினோல் பழங்குடி சபையே 2005இல் இதற்கு ஒப்புதல் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபை பிறகு ஹார்ட் ராக் ஓட்டல்களையே விலைக்கு வாங்கியது. சரணடையாமல் சதுப்பு நிலத்துக்குள் ஒளிந்து தப்பிய சில நூறு பேரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கலூசாவுக்கும் திமுக்குவாவுக்கும் ஒப்புதல் கொடுக்கவோ மறுக்கவோ ஒரு பேரனும் மிச்சமில்லை. அவர்கள் பெயரைச் சாலைக்கு வைக்கலாம், படகுக்கு வைக்கலாம். யாரும் மனு எழுதமாட்டார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஏற்காட்டுக்குப் போகிறவன் எங்கே போகிறான்? துரைசானி உட்கார்ந்து காற்று வாங்கிய பாறைக்கு லேடீஸ் சீட். துரை உட்கார்ந்த பாறைக்கு ஜென்ட்ஸ் சீட். அவர்கள் குழந்தைகளுக்குச் சில்ட்ரன்ஸ் சீட். மலைக்காரர்கள் கல் மேல் கல் அடுக்கிவைத்த இடத்துக்குக்கூட பகோடா பாயின்ட். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார், ஆகவே அவர் ஏற்காட்டின் தந்தை. அவருக்கு முன் அந்த மலை தந்தையில்லாமல், சாமையும் ராகியும் விதைத்துக்கொண்டு, அநாதையாகக் கிடந்தது போலும். வழிகாட்டிப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. இத்தனை சீட்டுகளில் மலையாளிக்கு ஒரு சீட்டாவது உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. சட்டமன்றத்தில். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், இன்னொன்று ஏற்காடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, வேட்புமனுத் தாக்கலின்போது, ஏற்காட்டு மலையில் பழங்குடி இருப்பதை எல்லாக் கட்சிகளும் ஒருமனதாக ஏற்றுக்கொள்கின்றன. எண்ணிக்கை முடிந்ததும் சந்தேகம் மறுபடி வந்துவிடுகிறது.

மலைமேல் ஒரு சொகுசு விடுதியில் நண்பர் கல்யாண நாள் கொண்டாடினார், நானும் போயிருந்தேன். சனிக்கிழமை இரவு 'ட்ரைபல் நைட்'. இடுப்பில் பச்சை இலை கட்டி, முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த பையன்கள் தீயைச் சுற்றிக் குதித்தார்கள். விசாரித்தேன், கீழே ஓமலூர்ப் பக்கத்து நடனக் குழு. வாசலில் சாம்பல் நிறச் சட்டை, விசில், டார்ச்சோடு நின்ற வாட்ச்மேன்தான் மலையாளி, பக்கத்து ஊர்க்காரர். "நீங்க ஆடலையாண்ணே?" என்று கேட்டேன். "எங்களைப் பாத்தா ட்ரைபல் மாதிரி இல்லையாம் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, யார்தான் பழங்குடி? சட்டத்தைப் புரட்டுவோம். பட்டியலில் மலையாளி என்ற பெயர் இருக்கிறது. அதையொட்டி ஓர் அடைப்புக்குறி. அடைப்புக்குறிக்குள் தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள். இந்த ஆறுக்குள் இருந்தால் பழங்குடி. மேட்டூரை அடுத்த பாலமலை சேலம் மாவட்டம், அங்கே இருக்கிற மலையாளி பழங்குடி. பக்கத்திலேயே பர்கூர் மலை ஈரோடு மாவட்டம், அங்கே இருக்கிற மலையாளி பழங்குடி இல்லை. ஒரே பேச்சு, ஒரே சாமி, கொள்வினை கொடுப்பினை. நடுவில் ஒரு மாவட்ட எல்லைக்கல். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் காட்டுவாசியாக வாழலாம், பழங்குடியாகப் படிக்க முடியாது. பர்கூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் உச்சம் என்னவென்றால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் வடஆர்க்காடு மாவட்டமே இன்றைக்குக் கிடையாது. 1989இல் உடைந்துபோனது. தென்னார்க்காடும் கிடையாது, 1993இல் போனது. இல்லாத மாவட்டங்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இருக்கிற மனிதர்களுக்கு இல்லை. ஆவிகளிடம் நம் அரசுக்கு எப்போதும் ஒரு பிரியம்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் மலையாளிகள்தான் பெரிய கூட்டம், மூன்றரை லட்சத்துக்கும் மேல். இவ்வளவு பேர் வாழும் மலைகள் ஒன்றுகூட அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் இல்லை. ஆந்திராவில் உண்டு, ஒடிசாவில் உண்டு, ராஜஸ்தானில்கூட உண்டு. பழங்குடி நிலத்துக்கு வேலி போடுகிற அந்த அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒரு குழிகூடக் கிடையாது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. உரிமைப் பத்திரம் எங்கே என்று மலைக்காரன் கேட்டபோதெல்லாம் நீதிமன்றத் தடையைக் காட்டியே பல வருடம் ஓட்டினோம். தடை காகிதத்துக்கு மட்டும்தான். சேர்வராயன் கோயில் மேட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பியபோது யாருக்கும் கை நடுங்கவில்லை. குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடுகிற சாமி அது, சேர்வராயனும் காவேரியம்மனும். வருடம் தவறாமல் மே மாதத்தில் மூன்று நாட்டுச் சனமும் கூடும் இடம். அந்த மண் உருகித் தட்டாகவும் குண்டாவாகவும் நம் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்திருக்கக்கூடும். நன்றாகத் துலக்கிவையுங்கள்.

அரசுக்கு இவர்களை அடையாளமே தெரியாது என்று யாராவது நினைத்தால் தப்பு. தேவைப்படும்போது நன்றாகத் தெரியும். 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிகளின் ஊரான வாச்சாத்தி. அன்றைக்கு யாரும் டி.சி. கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை, கேரளாவில் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் கைகோத்து உள்ளே போயின. இந்த மூன்று துறைகளும் ஒரு பழங்குடி ஊரில் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்த இன்னொரு நாள் எனக்குத் தெரியாது. 18 பெண்களைப் பாலியல் வல்லுறவு செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், ஆடுகோழிகளைத் தின்றார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். செமினோல் ஊர்களைக் கொளுத்திய பட்டாளம் குதிரையில் வந்தது, இவர்கள் சர்க்கார் ஜீப்பில் வந்தார்கள்.

குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 19 வருடம் ஆனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றத்தில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 54 பேர் அதற்குள் இயற்கையாகச் செத்து, பென்ஷனோடு தப்பித்துவிட்டார்கள். மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல், அதே செப்டம்பர் 29 அன்று, தள்ளுபடி செய்தது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடு என்றது. 31 வருடம். சம்பவத்தன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண், தீர்ப்பைக் கேட்கும்போது பாட்டி ஆகியிருப்பாள்.

இன்னொரு நாளும் அடையாளம் தெரிந்தது. 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் கூலிக்குப் போன மலையாளிகள். பத்திரிகைகள் 'பழங்குடியினர்' என்று தயங்காமல் அச்சடித்தன. பிணத்திடம் எவரும் மெய்த்தன்மைச் சான்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடக் கோட்டாட்சியர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பவும் இல்லை.

டீக் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனோம். இந்த முறை, கூட வந்திருந்த அவர் பையனிடம் விசாரணை. பழங்குடிச் சான்றிதழ் தருமுன் பண்பாட்டை ஆராய வேண்டுமாம். பழக்கவழக்கத்தை மட்டும் உரைகல்லாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்தச் சேதி இந்த மேஜைக்கு இன்னும் மலையேறி வரவில்லை.

"உங்க சனத்துல குலதெய்வம் எது?"

"சேர்வராயன் சார். கரிராமன்."

"கல்யாணத்துக்கு என்ன செய்வீங்க?"

பையன் அப்பாவைப் பார்த்தான். அவனுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூவில் கணக்கு, உயிரியல். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு இன்னும் பத்து நாள்.

"செத்தா புதைப்பீங்களா, எரிப்பீங்களா? என்ன சடங்கு? விவரமாச் சொல்லு."

பையன் சொல்லத் தெரியாமல் நின்றான். பெரியவர் முன்னால் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தன் அப்பா செத்த அன்றைக்கு என்ன நடந்தது, யார் குழி வெட்டினார்கள், தலை எந்தப் பக்கம் வைத்தார்கள், மூன்றாம் நாள் என்ன ஆக்கினார்கள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல். நடுவில் குரல் ஒருமுறை உடைந்தது. ஊழியர் எழுதிக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

கடைசியில் கம்ப்யூட்டர் சீட்டு ஒன்று வந்தது. விசாரணை நிலுவை. மேலே பெரிய எழுத்தில் விண்ணப்ப எண். பெரியவர் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதை நான்காக மடித்து மஞ்சள் பையில் பட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏழாவது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கேட்டார்: "நம்பர் குடுத்துட்டாங்க இல்லீங்க தம்பி, இதைக் கண்ணாடி போட்டு மாட்டிரலாங்களா?"